தாம்பரம் தடத்தில் முதலாளித்துவத்தின் வரலாறு

(தாம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலாளித்துவத்தின் வரலாற்றை உலகப் பார்வையில் எப்படிப் படிப்பது என்பது இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மான்செஸ்டரில் தொடங்குவார்கள். நீராவி எந்திரம், நூற்பாலை, நிலக்கரி, பிறகு சந்தை தேடிப் புறப்பட்ட கப்பல்கள். நாம் கடைசி அத்தியாயத்தில் வருவோம், அதுவும் பறிகொடுத்தவர்களாக மட்டும். நம் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வரிசையில்தான் சொல்லித் தந்திருக்கின்றன. நான் பல்லாவரத்தில் தொடங்குகிறேன். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயிலில் கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிற தூரத்துக்குள், உலக முதலாளித்துவம் கடந்து வந்த பெரிய கட்டங்கள் பலவும் தடயம் விட்டுப் போயிருக்கின்றன. அந்தத் தண்டவாளமே ஒரு தடயம்தான். அதைப் போட்ட தென்னிந்திய ரயில்வே லண்டனில் இயக்குநர் குழு வைத்திருந்த கம்பெனி. அக்காலத்து ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், இந்திய வரிப்பணத்திலிருந்து வட்டி உறுதியளிக்கப்பட்டிருந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் நாம் இன்று பார்க்கும் புறநகர் உருவானது.

உலகப் பார்வை என்றால் உயரத்தில் ஏறி நின்றுகொண்டு பூமியைப் பார்ப்பது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு சரக்கை, ஒரு கூலியை, ஒரு கடனைப் பிடித்துக்கொண்டு அதன் இரண்டு முனையும் தெரியும்வரை போவதுதான் எனக்குத் தெரிந்த உலகப் பார்வை. அப்படிப் போகும்போது ஒரு விஷயம் புலப்படும். செங்கல்பட்டுச் சீமையின் நிலவுடைமையும் சாதியும் சேரியும் இந்த வரலாற்றுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை அல்ல. லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லாபம் வந்த வழியில் அவையும் ஒரு பகுதி. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதலில் தோலை எடுத்துக்கொள்வோம். ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். அந்தக் கம்பெனி ஏன் 1912-இல் வந்தது, ஏன் இருபது வருஷம் முன்னால் வரவில்லை என்று கேட்டால் நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கும்.

சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் ஏலங்களில் பேர்போன சரக்கு. ஊர் ஊராகச் சேர்த்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரை நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காய் போட்டு முடிப்பார்கள். ஆவாரம்பட்டைக்குத் தரிசும் கரடும் போதும், தனியாகப் பயிரிட வேண்டியதில்லை. பெரியமேட்டுத் தோல் மண்டிக்காரர்கள் முன்பணம் கொடுப்பார்கள். பதனிட்டவர் அந்த மண்டி வழியாகத்தான் சரக்கை விற்றாக வேண்டும். மண்டிக்குப் பின்னால் ஏற்றுமதிக் கம்பெனி, அதற்குப் பின்னால் லண்டன் தரகர். விலை லண்டனில் இறங்கினால் அந்த அடி சங்கிலியின் வழியே இறங்கி இறங்கி, கடைசியில் குழியில் நின்றவர் கூலியில் போய் விழும்.

1884-இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற வேதியியலாளர் குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை இதில் சில நாட்களில் முடிந்தது. கிடைத்த தோலோ மெல்லியது, ஈரத்தையும் சூட்டையும் தாங்குவது. ஃபிலடெல்ஃபியாவின் ஆலைகள் இந்த முறையில் பளபளப்பான ஆட்டுத்தோலைச் செய்து உலகம் முழுவதும் செருப்புக்கும் ஷூவுக்கும் விற்றன. அவற்றுக்கு மலை மலையாக ஆட்டுத்தோல் தேவைப்பட்டது. அதைக் கொடுத்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு. அமெரிக்க ஆலைக்குப் பட்டையில் பதனிட்ட தோல் வேண்டாம், உப்புப் போட்ட பச்சைத் தோல் போதும். விளைவு, சென்னைத் துறைமுகத்திலிருந்து போன பதனிட்ட ஆட்டுத்தோல் குறைந்து, பச்சைத் தோல் கூடியது. ஒரு ரசாயனக் காப்புரிமை இங்கிருந்த ஒரு கைத்தொழிலை மூலப்பொருள் சேகரிக்கும் இடமாக இறக்கிவிட்டது. பீரங்கியோ சட்டமோ இதற்குத் தேவைப்படவில்லை. தொழில்நுட்பமும் கடனும் போதுமாக இருந்தன.

இதற்கு மறுமொழி சொல்ல முயன்றவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அரசுப் பணத்தில் குரோம் தோல் சோதனையில் இறங்கினார். அவர் முதலில் நினைத்தது ஷூவை அல்ல, கவலை ஏற்றத்தை. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தோல் சால் சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோலில் செய்தால் கூடுதல் நாள் உழைக்கும் என்பது கணக்கு. அமெரிக்க ரசாயனம் நம் கிணற்று மேட்டுக்கு வருகிறது என்றால், தொழில்நுட்பம் போகிற இடமெல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை என்றுதான் பொருள். இந்த இடத்தை உலக வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சோதனை வெற்றியாக நடந்தது. 1908-இல் உதகையில் தொழில் மாநாடு கூடியது. மாகாண அரசு தொழில் துறை ஒன்றை அமைத்தது. அரசாங்கமே தொழில் நடத்திப் போட்டி போடுவதா என்று இங்கிருந்த ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தார்கள். 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு லண்டனிலிருந்து ஓர் ஆணை அனுப்பினார். அரசு தொழிற்கல்வி தரலாம், வணிகத் தொழிலில் இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். சாட்டர்டனின் குரோம் தோல் ஆலையை அரசு கைவிட்டது. அடுத்த இரண்டே வருஷத்தில் பல்லாவரத்துக்கு அருகே தனியார் கம்பெனி ஒன்று அதே தொழிலில் வந்து உட்கார்ந்தது.

இந்த நிகழ்ச்சியில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். சந்தை தானாகப் பிறக்கிறது, அரசு பிறகு வந்து தலையிடுகிறது என்று பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். குரோம்பேட்டையில் அது நேர்மாறாக நடந்திருக்கிறது. அறிவும் ஆரம்பச் செலவும் பொதுப்பணம். அரசு ஒதுங்க வேண்டும் என்பதும் ஓர் அரசாணை. ஒதுங்கச் சொன்ன மார்லி தாராளவாதச் சிந்தனையாளர், தடையற்ற வணிகத்தில் மெய்யான நம்பிக்கை உள்ளவர். அதே நம்பிக்கை சில ஆண்டுகளுக்குள் காற்றில் போனது.

1914-இல் போர் வந்தது. அதற்கு முன் இந்தியப் பச்சைத் தோல் வணிகத்தில் ஜெர்மானியக் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. போர் அதை ஒரே நாளில் அறுத்தது. பிரான்சின் பதுங்குகுழிகளில் நிற்கும் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு பூட்ஸ் வேண்டும். பூட்ஸின் மேற்தோலுக்குச் சென்னைத் தோல் சரியாக இருந்தது. 1916-இல் அரசு இந்தத் தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. விலையை அரசு வைத்தது. வாங்கியது பிரிட்டிஷ் போர் அலுவலகம். 1910-இல் அரசு தோல் தொழிலில் இறங்கவே கூடாது. 1916-இல் அரசைத் தவிர யாரும் வாங்கக் கூடாது. 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 தீர்வை போட்டார்கள்; பேரரசுக்குள் பதனிடப்படுமானால் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கும். தடையற்ற வணிகம் ஒரு கொள்கையாகச் சொல்லப்பட்டதும், யாருக்குத் தடை யாருக்குத் திறப்பு என்பதை அதிகாரம் முடிவு செய்ததும் இந்தத் தோல் கணக்கில் வருஷவாரியாகக் கிடைக்கின்றன.

இன்னொரு முனைக்குப் போவோம். ஆவாரம்பட்டை போதாமல் போனபோது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. வாட்டில் ஆஸ்திரேலிய மரம். 19-ஆம் நூற்றாண்டில் நேட்டாலில் கொண்டுபோய் நட்டு, பெரும் தோட்டங்களாக வளர்த்தார்கள். அங்கே பட்டை உரித்தவர்களில் நம் மக்களும் இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911-இல் அந்த ஏற்பாடு நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பெரும்பாலோர் கரும்புக்குப் போனார்கள், சிலர் வாட்டில் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும். ஆஸ்திரேலிய மரத்தின் பட்டையை ஆப்பிரிக்க மண்ணில் தமிழர்கள் உரிக்க, அந்தப் பட்டை சென்னை மாகாணத்துக்கு வந்து, இங்கே தமிழர்கள் பதனிட்ட தோல் லண்டனில் ஏலம் போனது. சங்கிலியின் இரண்டு கண்ணிகளில் நம்மவர்கள் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. தமிழக வரலாறு ஒருவரைப் பற்றியும் புலம்பெயர்ந்தோர் வரலாறு இன்னொருவரைப் பற்றியும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கும்வரை, எழுத்திலும் அவர்கள் சந்திக்க வழியில்லை.

அவர்கள் யார்? இந்தக் கேள்விதான் என்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகிறது.

1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நவாப் கழுத்தளவு கடனில் இருந்தவர். கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் ஊழியர்களே. தனிப்பட்ட முறையில், கொள்ளை வட்டிக்கு. பால் பென்ஃபீல்டு என்ற ஆள் அப்படிச் சேர்த்த பணத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். 1785-இல் எட்மண்ட் பர்க் அந்த அவையில் ஆற்காட்டுக் கடன்களைப் பற்றி ஆற்றிய நீண்ட உரை இன்றும் படிக்கத் தக்கது. நெல் வயலின் நிலவரியை ஈடாக வைத்துக் கடன், அந்தக் கடனைக் கொண்டு லண்டன் அரசியல். நிதி மூலதனம் என்பது பிற்காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடன் பத்திரங்களைப் புரட்ட வேண்டும்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களையும் அளந்தார். வீடுகள், ஏரிகள், கோயில்கள், மானியங்கள், யார் யாருக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அதில் வருகின்றன. ஊர் வாழ்வின் நிறைவை அதில் கண்டு வியந்தவர்கள் உண்டு. வியக்க இடம் உண்டுதான். ஆனால் அதே ஊர்களில் மிராசுதார் நிலத்தின் மீது உரிமை வைத்திருந்தார். உழுதவர் பண்ணையாளாகவும் படியாளாகவும் சேரியில் இருந்தார். அவர் குடியிருந்த மனைகூட அவருடையதில்லை. 1843-இல் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீக்கப்பட்ட பிறகும், கடனும் குடியிருப்பும் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டிருந்தன.

1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். வீட்டுமனைக்கு உரிமையும் பயிரிட நிலமும் கொடுக்க வேண்டும் என்றார். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது 1892-இல் அதையொட்டி வந்த ஆணையிலிருந்து பிறந்தது. சேரிக்காரருக்கு நிலம் கிடைத்தால் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமே மிராசுதார்களின் எதிர்ப்புக்கு அடியில் இருந்தது. ஆள் தப்பிப் போக இருந்த வழிகள் சிலவே. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறலாம், ரயில் பாதை வேலைக்குப் போகலாம், தோல் கம்பெனிக்கு வரலாம். மூலதனம் அவர்களைக் குறைந்த கூலிக்கு வாங்க முடிந்ததற்குக் காரணம், ஊர் அவர்களுக்கு அதையும்விடக் குறைவாகக் கொடுத்ததுதான். உலகச் சந்தையில் சென்னைக் கூலி மலிவாக இருந்ததன் ரகசியம் செங்கல்பட்டுச் சேரியில் இருக்கிறது.

கார்ல் மார்க்ஸ் 1853-இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, ரயிலும் அதன் வழியே வரும் நவீனத் தொழிலும் சாதியின் அடித்தளமான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். ரயில் வந்தது. அமெரிக்க ரசாயனமும் வந்தது. பச்சைத் தோலைத் தொடும் வேலை மட்டும் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருந்தது. பம்மலிலும் நாகல்கேணியிலும் குழியிலும் டிரம்மிலும் வேலை செய்தவர்கள் யார், கணக்கு எழுதியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். மார்க்ஸை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடமிருந்து கற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சாதியை விட்டுவிட்டு எழுதப்படும் முதலாளித்துவ வரலாறு எவ்வளவு பெரிய உலக வரைபடத்தைக் காட்டினாலும் அது பாதிக் கணக்குதான்.

அடுத்து துணி. பல்லாவரத்திலிருந்து அடையாற்றை நோக்கிப் போனால் அனகாபுத்தூர். இன்று வாழைநாரிலும் சணலிலும் சேலை நெய்வதற்காகப் பத்திரிகைகளில் அடிபடும் ஊர். அதற்கு முந்தைய தலைமுறையில் அங்கே தறிகள் நைஜீரியாவுக்காக ஓடின. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற கட்டம் போட்ட துணி. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்கு அது உயிரான துணி. 'இஞ்சிரி' என்று அழைக்கிறார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் உரிய சடங்குகளில் அது இல்லாமல் முடியாது. அவர்களுடைய பெண்கள் அந்தத் துணியிலிருந்து சில இழைகளை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய கோலங்களை உண்டாக்குகிறார்கள்; அந்தக் கலைக்குப் 'பெலெத்தே பித்தே' என்று பேர். நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போட்டதும் அனகாபுத்தூர் தறிகள் ஓய்ந்தன. தடை போட்ட நாடும் தன் தொழிலைக் காப்பாற்றத்தான் போட்டது. நெசவாளிகளின் வீடுகளில் அடுப்பு அணைந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது?

இந்தத் துணி ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி இன்னும் கனமானது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் துணியை ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. அதில் ஒரு பகுதி அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் ஒன்றாயிற்று. கலபாரி நாடு அந்த வணிகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. துணிக்கு விலையாக நமக்கு வந்த வெள்ளியில் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் கட்டாய உழைப்பில் வெட்டியது. தறியில் உட்கார்ந்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் மீது பழி சொல்ல மாட்டேன். ஆனால் நம்மைப் பறிகொடுத்தவர்களாக மட்டும் வரலாற்றில் நிறுத்திக்கொண்டால் இந்த உண்மையை எழுத இடமிருக்காது. அடிமை வணிகத்தின் லாபமும் பிரிட்டனின் தொழில் வளர்ச்சியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று டிரினிடாட்டின் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944-இலேயே எழுதினார். அவர் அட்லாண்டிக்கைப் பார்த்தார். அந்தப் படத்துக்குள் நம் தறியையும் வைக்க வேண்டியது நம் வேலை.

தறியில் இருந்தவர் கையாலாகாதவராக இருந்தார் என்றும் எண்ண வேண்டாம். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளிகளைப் பற்றி எழுதியதில் என் மனதில் தைத்தது இது: வணிகரிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், வணிகர் முறிக்க முடியாது. நல்ல விலை கொடுப்பவர் வந்தால் அவரிடம் போகலாம், ஊரையே காலி செய்துகொண்டும் போகலாம். நம் நெசவாளியின் உண்மைக் கூலி ஆங்கிலேயத் தொழிலாளியின் கூலிக்குச் சமமாக இருந்தது என்றும் அவர் வாதிட்டார். அதைப் பொருளாதார வரலாற்றாசிரியர்களான ஸ்டீஃபன் பிராட்பெர்ரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் மறுத்தார்கள். அந்தக் கூலிக் கணக்கு வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குக் கூலியின் அளவைவிட, வேண்டாம் என்று சொல்லும் வலிமைதான் முக்கியமாகப் படுகிறது. கம்பெனி ஆட்சியைப் பிடித்ததும் முதலில் போனது அந்த வலிமை. வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று காவலர்களை வைத்துத் தறியைக் கண்காணித்தார்கள். பிரிட்டனோ 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இந்தியத் துணி தன் மக்கள் உடலில் ஏறாமல் தடுத்துக்கொண்டு, தன் ஆலைகளை வளர்த்தது. இந்த வன்முறைக் கட்டத்தை வரலாற்றாசிரியர் ஸ்வென் பெக்கர்ட் 'போர் முதலாளித்துவம்' என்கிறார். பொருத்தமான பேர்தான். ஆனால் அவர் அதை ஒரு தொடக்கக் கட்டமாக வைக்கிறார். 1916-இன் பூட்ஸ் தோலைப் பார்த்தவர்களுக்கு அது முடிந்ததாகத் தோன்றாது.

இப்போது தாம்பரம் சானடோரியத்துக்கு வந்துவிடலாம். 1984-இல் ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலம் வந்தது. மெப்ஸ் என்று நாம் சொல்வது. அயர்லாந்தின் ஷானன் 1959, குஜராத்தின் கண்ட்லா 1965, தைவானின் காவோசியுங் 1966, தென்கொரியாவின் மாசான் 1970 என்று ஒரு வரிசை இருக்கிறது; மெப்ஸ் அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. சுங்கக் கணக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் வெளிநாடு போல. 1639-இல் இந்தப் பகுதியை ஆண்ட நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில், சென்னையில் கம்பெனியின் சரக்குக்குச் சுங்கம் கிடையாது, மற்றவர்களிடம் வசூலாகும் துறைமுகச் சுங்கத்தில் பாதியும் கம்பெனிக்கே என்று இருந்தது. வெளியிலிருந்து வரும் முதலுக்காக உள்ளூர் அதிகாரம் தன் சுங்கத்தை விட்டுக்கொடுக்கும் பேரம் 1984-இலேயே இந்தக் கரையில் 345 வருஷப் பழக்கம். ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். 1984-இல் விட்டுக்கொடுத்தது நாம் ஓட்டுப் போட்டு அமைத்த அரசு, வேலைவாய்ப்பு என்ற மெய்யான தேவைக்காக. அந்த மண்டலத்தில் தைத்தும் கோத்தும் சம்பளம் வாங்கிய பெண்கள் பலருக்கு, வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பு வந்த முதல் இடமும் அதுதான். அதை அற்பமாக நினைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆர்டர் எங்கே முடிவாகிறதோ அங்கே அவர்கள் குரல் எட்டாது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோது அது எல்லோருக்கும் விளங்கியது.

தோலின் கதையில் கடைசிப் பகுதி நிலத்தடி நீரில் இருக்கிறது. 1970-களில் அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்டதைக் குறைத்து, ஷூவாகவே அனுப்பு என்று கொள்கை வகுத்தது. நல்ல நோக்கம். அதே காலத்தில் ஐரோப்பா தன் ஊர்களில் நாற்றமும் கழிவும் மிகுந்த பதனிடும் வேலையைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்று சேர்ந்து, ஷூ ஐரோப்பாவுக்குப் போனது, குரோமியமும் உப்பும் இங்கே தங்கின. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது. நமது செங்கை மாவட்டத் தோல் ஆலைகளும் அந்தத் தீர்ப்புக்குள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நீதிமன்றம் ஆலையைக் கேட்டது. மிலானிலும் லண்டனிலும் ஷூ விற்றவரை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. சரக்கின் சங்கிலி நாடு தாண்டிப் போகிறது, சட்டம் எல்லையில் நின்றுவிடுகிறது.

இளம் ஆய்வாளர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சில வார்த்தைகள். தொடர்புகளைத் தேடுவது இப்போது கல்விப்புலத்தில் பெரிய நாகரிகம். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் நூல்கள் நிறைய வருகின்றன. அது போதாது. தொடர்பில் யார் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, நட்டம் வந்தால் யார் தலையில் விழுந்தது, யாருடைய பெயர் கணக்கில் ஏறவே இல்லை என்று கேட்க வேண்டும். அரசு எழுதியவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் வைத்திருந்த ஆவணங்கள் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தமிழில் அச்சானவை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து போவதற்கு எளிது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர் பேசியது இந்த மூன்று இடத்திலும் கிடைப்பது அரிது.

அது வீடுகளில் இருக்கிறது. நாகல்கேணியிலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் கடப்பேரியிலும் பெட்டிகளுக்குள் பி.எஃப். சீட்டுகள், ஈ.எஸ்.ஐ. அட்டைகள், சங்க நோட்டீசுகள், முன்பணம் வாங்கிய கைச்சாத்துகள், பழைய தறிக் கணக்கு நோட்டுகள் மட்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்துவைக்க ஒரு செல்போன் போதும். அந்த வேலைகளைச் செய்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யாராக இருந்தாலும் அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அங்கே நிலம் யாருடையது, கம்பெனியில் யார் சேர்த்துவிட்டார்கள், முதல் கூலி எவ்வளவு, எந்தச் சாதிக்கு எந்த வேலை, சரக்கு எங்கே போகிறது என்று யாராவது சொன்னார்களா, எப்போதாவது வேலையை நிறுத்தினார்களா, நிறுத்தியபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு எழும்பூருக்குப் போங்கள். அந்த வருஷத்து ஏற்றுமதிக் கணக்கைத் திறந்து பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.